ஹெல்மெட்டைத் தூக்கிப் பார்த்தவன்

சில பேருக்கு வாய் சும்மா இருக்காது. எனக்குக் கை சும்மா இருக்காது. பழைய ராணுவ ஹெல்மெட் ஒன்று கண்ணில் பட்டால் போதும், திருப்பி, உள்விளிம்பில் எந்த வருடத்து முத்திரை அடித்திருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். குமாரபாளையத்தில் நூல் கடை வைத்திருப்பவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். (என் மனைவி சாந்தி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள். "இருக்கறது ஒரே தலை. அதுக்கு அலமாரி நெறைய ஹெல்மெட்டுங்களா?")

சாந்தியின் சித்தப்பா திருச்செங்கோட்டுக்காரர், ராணுவத்தில் இருந்தவர். அவரிடம் ஒரு இரும்பு ஹெல்மெட் இருந்தது. அகல விளிம்போடு, கவிழ்த்து வைத்த வடைச்சட்டி மாதிரி இருக்கும்.

"நான் பட்டாளத்துல சேர்ந்த வருசம் செஞ்சதுங்க மாப்ளே" என்பார்.

"இல்லைங்க மாமா, இது உலகப் போர்க் காலத்துது. பழசத்தான் உங்களுக்குக் குடுத்து ஏமாத்தியிருக்காங்க" என்பேன்.

முத்திரையைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆனால் தொட விடமாட்டார். சிரித்துக்கொண்டே மடியில் வைத்துக்கொள்வார். வாதம் முடியாமலே ஒரு நாள் தவறிப்போனார்.

கருமாதிக்கு முந்தின நாளே போய்விட்டோம். மாமாவின் படத்துக்கு முன்னால் அகல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உயிர் போன இடத்தில் ஏற்றிய விளக்கு, கருமாதி முடியும் வரை அணையக் கூடாது. மாமாவின் மனைவி, எனக்கு அத்தை, அதன் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்து, எண்ணெய் ஊற்றி, திரி தூண்டிக் காவல் காத்திருக்கிறார். தூக்கமில்லாமல் முகம் வீங்கியிருந்தது. விளக்கை ஒட்டி, ஒரு சொம்பில் சாய்த்தபடி, அந்த ஹெல்மெட்.

எல்லோரும் பந்தலுக்கு டீ குடிக்கப் போனார்கள். அத்தையை ரெண்டு வாய் சாப்பிட வைக்க சாந்தி அடுப்படிக்கு இழுத்துப் போனாள். "மாப்ள இருக்காருல்ல, வெளக்கப் பாத்துக்குவாரு" என்று அத்தை நம்பிப் போனார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஹெல்மெட்டை.

ஒரே ஒரு தடவை, யாருக்கு என்ன நட்டம் என்று தூக்கினேன். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துத் துருவை விரலால் தேய்த்தேன். ஒன்று, ஒன்பது. (அது எல்லா ஹெல்மெட்டிலும்தான் இருக்கும்.) மூன்றாவது எண்ணைப் படிப்பதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. பின்னால் டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காற்று படாமல் இருக்கத்தான் அத்தை ஹெல்மெட்டை அங்கே நிறுத்தியிருக்கிறார். மரியாதைக்கு வைத்தது என்று நான் நினைத்திருந்தேன்.

செத்துப்போன மனுஷனிடம் வாதத்தில் ஜெயிக்கப் போய் அவருடைய விளக்கையே அணைத்தவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எண்ணெய்ப் பாட்டில் பக்கத்தில் தீப்பெட்டி இருந்தது. குச்சி உரச ரெண்டு கையும் வேண்டும். ஹெல்மெட்டைத் தரையில் வைத்தால் சத்தம் கேட்குமே என்று தலையில் மாட்டிக்கொண்டேன். உரச உரசக் குச்சி அணைந்தது. (ஃபேனை நிறுத்தலாம் என்று அந்த மண்டைக்குத் தோன்றவே இல்லை.)

நிமிர்ந்தால் வாசற்படியில் அத்தை, பின்னால் சாந்தி. என் தலையில் அவர் புருஷனுடைய ஹெல்மெட், கையில் கரிக்குச்சி.

அத்தை திட்டவில்லை. ஃபேனை நிறுத்தினார். விளக்கை ஏற்றினார். "அதக் கழட்டி வெச்சிருங்க சாமி" என்றார். பந்தலிலிருந்து எட்டிப் பார்த்த ஒருவர், "வெளக்கு நின்னு போச்சுங்களா?" என்றார்.

"காத்துங்க. நாந்தான் ஃபேன நிறுத்தாமப் போயிட்டேன்" என்றார் அத்தை.

அவர் என்னை அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்று முழுக்க யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் கருமாதி முடிந்து கிளம்பும்போது அத்தை ஒரு மஞ்சப்பையை நீட்டினார். உள்ளே ஹெல்மெட். "உங்களுக்குக் குடுக்கச் சொல்லியிருந்தாருங்க. மாப்ள வந்தாத்தான் எனக்குச் சண்ட போட ஆளுன்னு சிரிப்பாரு." கை நீட்டி வாங்கக் கூசியது. அழுதுவிட்டேன்.

என் அலமாரியில் ஒவ்வொரு ஹெல்மெட்டுக்கும் காலம் எழுதிய சீட்டு உண்டு. இதற்கு, 'மாமா பட்டாளத்தில் சேர்ந்த வருடம்' என்று எழுதியிருக்கிறேன். இன்றுவரை திருப்பிப் பார்க்கவில்லை.

சாந்திதான் விடுவதாக இல்லை. சொந்தத்தில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டாள். இப்போது கரண்ட் போனால் எங்கள் வீட்டில் யாரும் முதலில் மெழுகுவர்த்தி தேடுவதில்லை. இருட்டுக்குள்ளிருந்து அவள் குரல்தான் வரும்.

"ஏனுங்க, எதையாச்சும் தூக்கிப் பாத்தீங்களா?"