ஆளுக்குப் பாதி நியாயம்

சமரசப் பிரியர் என்று ஓர் இனம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? கத்தாது, கடிக்காது, ஆனால் எங்கே இரண்டு பேர் முறைத்துக்கொண்டாலும் நடுவில் வந்து உட்கார்ந்துவிடும். எங்கள் ஒஹாயோ ஊரில் அதில் உயர்ந்த ரகம் வெர்னன். சர்ச் கதவுக்குப் பச்சையா நீலமா என்று சண்டை வந்தபோது, ஒரு கதவுக்குப் பச்சையும் மறு கதவுக்கு நீலமும் அடிக்கவைத்து, பார்க்கிறவர் கண்ணைக் கெடுத்து, இரு கட்சியிடமும் நன்றி வாங்கிக்கொண்டு போன மனிதர்.

இப்பேர்ப்பட்டவரை ஜூரியில், அதாவது கோர்ட்டில் வழக்கைக் கேட்டுக் குற்றவாளியா இல்லையா என்று சொல்லும் பன்னிரண்டு ஊர்க்காரர்களில் ஒருவராகப் போட்டார்கள். விளங்குமா?

கர்ட்டிஸ் என்பவன் மேல் இரண்டு குற்றச்சாட்டு. பக்கத்துப் பண்ணையின் வைக்கோல் கொட்டகைக்குத் தீ வைத்தான் என்பது முதலாவது. அப்படி வைத்த தீயில் பண்ணையாள் கை வெந்தது என்பது இரண்டாவது. வைத்தவன் அவன் என்றால் இரண்டும் அவன் தலையில். இல்லையென்றால் இரண்டுமே இல்லை. பன்னிரண்டு பேரும் ஒத்துச் சொல்ல வேண்டும். ஆனால் ஆறு பேர் அந்தப் பக்கம், ஆறு பேர் இந்தப் பக்கம். அன்று வெள்ளிக்கிழமை வேறு. சாயங்காலம் ஹைஸ்கூல் ஃபுட்பால். ஊரே மைதானத்தில் இருக்கும்.

ஜூரியில் இருந்த லொரெட்டா பிற்பாடு என்னிடம் சொன்னது இது.

"எதுக்குப்பா சண்டை? ஆளுக்கு ஒண்ணு வச்சுக்குவோம்" என்றாராம் வெர்னன். "தீ வச்சதுல விட்டுடலாம். கை வெந்ததுல புடிச்சுடலாம்."

"தீயே வைக்காதவன் எப்படிய்யா கையைச் சுட்டான்?" என்று கேட்டாளாம் லொரெட்டா.

"இப்படி நோண்டிக்கிட்டே இருந்தா எப்பம்மா வீட்டுக்குப் போறது? உன் பையன் வேற இன்னைக்கு ஆடுறான். கொஞ்சம் விட்டுக்குடும்மா."

விட்டுக்கொடுத்தாள். எல்லோரும் விட்டுக்கொடுத்தார்கள். கர்ட்டிஸுக்கு நான்கு வருடம்.

முன்னுக்குப் பின் முரணான தீர்ப்பு என்று வக்கீல் மேல்முறையீடு செய்தார். மூன்று நீதிபதிகள் படித்தார்கள். முரண்தான், ஒப்புக்கொள்கிறோம் என்றார்கள். ஆனால் ஜூரி இரக்கப்பட்டு ஒன்றில் விட்டிருக்கலாம் அல்லவா, அறைக்குள் என்ன நடந்தது என்று நாங்கள் எட்டிப் பார்க்கிற வழக்கமில்லை என்று மூடிவிட்டார்கள். இரக்கமாம்!

மளிகைக் கடையில் கர்ட்டிஸின் மனைவி ஜேனீன் வெர்னனை மறித்துக்கொண்டாள்.

"உண்மையைச் சொல்லுங்க. என் வீட்டுக்காரர் தீ வச்சார்னு நீங்க நம்புனீங்களா?"

"சேச்சே! இல்லம்மா. அதனாலதானே பாதியை விடவெச்சேன்?"

சொல்லிவிட்டுச் சிரித்த முகத்தோடு நின்றாராம், நன்றிக்காக. அவள் வாங்க வந்ததைக்கூட வாங்காமல் வெளியே போய்விட்டாள்.

இதைப் படித்துவிட்டு, 'பாவம் ஜேனீன். ஆனால் வெர்னனும் நல்ல எண்ணத்தில்தானே செய்தார், இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது' என்று தலையாட்டுகிறீர்களா?

சாமி, என் மேல் ஏதாவது வழக்கு வந்து உங்களை ஜூரிக்குக் கூப்பிட்டால், தயவுசெய்து அன்றைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுங்கள்.