ஆறரை மணி ஞானஸ்நானம்

மன்னார்க் கரையில் பிறந்து, பனி கொட்டும் நாட்டில் வீடு வாங்கி, ஊர்க்கோயிலின் இணையத்தளத்தைத் தன் மடிக்கணினிக்குள் பூட்டி வைத்திருக்கிற ஓர் இனம் உலகில் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கலியாண வீட்டில் நீங்கள் சோற்றில் கைவைக்கும் நேரம் பார்த்து, "எங்கட கோயில்ட சைற் பாத்தனீங்களோ?" என்று தட்டுக்கும் வாய்க்கும் இடையில் கைபேசியை நீட்டுபவர் எவரோ, அவரே.

ரொறன்ரோவில் நமக்கு வாய்த்தவர் றொகான் அண்ணர். அவருடைய தளத்தைத் திறந்தால் முதலில் ஒரு கதவு கிரீச்சென்று திறக்கும். கதவுக்குள் மேகம், மேகத்துக்குள் சிறகடிக்கும் இரண்டு சம்மனசுகள், சம்மனசுகளின் கையில் அணையாத மெழுகுதிரி, நிறுத்த வழியே இல்லாத ஓகன் இசை, குறுக்கே ஓடிக்கொண்டேயிருக்கும் "வருக வருக", மூன்று மாற்றலுக்கு முந்திய பங்குத்தந்தையின் ஆசிச்செய்தி, அவர் எப்போதோ கைவிட்ட தொலைபேசி எண், கொடியேற்றப் படங்கள் நானூற்றுப் பன்னிரண்டு, அவற்றில் முந்நூறில் கொடிமரத்தை மறைத்தபடி றொகான் அண்ணர்.

பூசை எத்தனை மணிக்கு? அதை மட்டும் கேட்காதீர்கள்.

நான் கேட்டேன். "நேரத்தைப் போட்டா டிசைன் கெட்டுப்போகும் தம்பி" என்றார். கணினி படித்த பங்குப் பிள்ளை சுவேதினி, தானே போட்டுவிடுகிறேன் என்று கடவுச்சொல்லைக் கேட்டு மூன்று மின்னஞ்சல் அனுப்பினாள். "பிள்ளைக்கு டிசைன் விளங்காது" என்றார். பிறகு கோயில் நிகழ்வுகளை நேரலையில் காட்டத் தொடங்கியதும் மனம் இரங்கி, நேரங்களையும் போட்டார். ரொறன்ரோச் சனம் கணக்குப் பார்த்துக் குழம்பக்கூடாதே என்று, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் போட்டார்.

இதை நினைவில் வையுங்கள்.

நறுவிலிக்குளத்தில் கலியாணம் முடித்த ஜெனுஷாவுக்குத் தன் தலைப்பிள்ளையைத் தாய்வீட்டுக் கோயிலில், மன்னார்த் தீவில் வைத்து, ஞானஸ்நானம் கொடுக்க ஆசை. ஞானத்தகப்பன் அவளுடைய தம்பி டிலோஜன். இத்தாலியில் உணவகமொன்றில் வேலை, பத்தே நாள் லீவு. சனிக்கிழமை மத்தியானம் அவன் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வெளிக்கிட வேண்டும். அடுத்த லீவு எந்த வருசமோ! ஜெனுஷா தளத்தைப் பார்த்தாள். 'சனிக்கிழமை ஞானஸ்நானம், காலை 6.30'. அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது. தாராபுரத்து முனவ்வரின் வாடகை வானைப் பிடித்தாள்.

ஆறேகாலுக்குக் கோயில் வாசலில் வான் நின்றது. வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சேலை, வெள்ளைத் துணியில் பிள்ளை. கோயில் பூட்டிக் கிடந்தது. மணியடிக்கிற யாகப்பர் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன பிள்ளையள், விடியக் காலமை?"

"ஞானஸ்நானம் அண்ணை, ஆறரைக்கு."

"ஆர் சொன்னது? நான் மணியடிக்கத் தொடங்கின நாளில இருந்து பின்னேரம் நாலு மணிக்குத்தான்."

ஜெனுஷாவின் முகம் சுருங்கியது. "கோயில்ட இணையத்தளத்தில போட்டுக்கிடக்கே!"

யாகப்பர் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். "எங்கட கோயிலுக்கு இணையத்தளம் இருக்கோ?"

டிலோஜன் தளத்தில் கிடந்த எண்ணுக்கு அடித்தான். பாவனையில் இல்லையாம். மிஞ்சியது 'எங்களோடு பேசுங்கள்' என்ற பெட்டி. அதில் எழுதினான்: 'கோயில் வாசலில் நிற்கிறோம். ஞானஸ்நானம் எத்தனை மணிக்கு? அவசரம்.'

ரொறன்ரோவில் வெள்ளிக்கிழமை, இரவுச் சாப்பாட்டு நேரம். தளம் தொடங்கிப் பத்து வருசத்தில் அந்தப் பெட்டிக்குள் விழுந்த முதற் கடிதம் அது. றொகான் அண்ணர் இடியப்பத்தை விட்டு எழும்பி, "அன்ரோனெற், இஞ்ச வாரும், ஊரில இருந்து ஆள் எழுதியிருக்கு!" என்று மனைவியைக் கூப்பிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் எழுதினார்: 'தங்கள் மேலான வருகைக்கு நன்றி. சம்மனசுகள் பறக்கும் வேகம் போதுமா?'

டிலோஜன் அதை வாசித்துவிட்டுக் கைபேசியை எறியக் கை ஓங்கினான். முனவ்வர் பாய்ந்து பறித்தார்.

"பொறுங்க தம்பி. கூடப் பிறந்த ராத்தா கனடாவிலதான். அங்க விடிய ஆறரை எண்டா இங்க பின்னேரம் நாலு. உங்கட ஆள் அங்கத்த நேரத்தைப் போட்டிருக்கார்." திரையைத் தட்டிப் பார்த்தார். "எங்கட பள்ளியில தொழுகை நேரம் வாசல்ல பலகையில கிடக்கு. சம்மனசு இல்ல. ஆனா பிழைக்காது."

அதுதானே? நல்ல தளம் என்பது அந்தப் பலகைதான், உலகமெல்லாம் தெரியும்படி வைத்த பலகை. நேரம், வழி, இன்றைக்கு இருக்கிற பாதரின் எண்: இவ்வளவும் முதற்பக்கத்தில் இருந்தால், பாதை தெரியாதவனும் மிலானிலிருந்து வருகிறவனும் பூட்டிய கதவின் முன் நிற்க வேண்டியதில்லை. இதற்கு மேகம் எதற்கு?

யாகப்பர் பாதர் தங்கும் அறைவீட்டுக் கதவைத் தட்டினார். புதுப் பாதர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து, கதையைக் கேட்டு, தேத்தண்ணி சிந்தச் சிந்தச் சிரித்தார்.

"பிள்ளை வந்திட்டுது. ஞானத்தகப்பன் வந்திட்டார். தண்ணியும் கிடக்கு. பின்ன என்ன? யாகப்பர், திறவுங்கோ!"

ஆறே முக்காலுக்கு டிலோஜனின் கையில் பிள்ளை வீரிட்டது. இவ்வளவு கலாட்டாவுக்கும் அழாத பிள்ளை!

படம் றொகான் அண்ணருக்குப் போனது. அன்றே தளத்தின் முகப்பில் ஏறியது. பிள்ளையின் இருபுறமும் சம்மனசுகள். மூலையில், வட்டத்துக்குள், றொகான் அண்ணர். கீழே: 'எமது இணையத்தளத்தின் வழியாக நிகழ்ந்த முதல் ஞானஸ்நானம். வெள்ளிக்கிழமை, இரவு 9.15.'

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் ஊர்க்கோயில் தளத்தின் கடவுச்சொல் இப்போது யாரிடம் இருக்கிறது? உங்களிடம் இல்லை என்றால் நல்லது. அப்படியே ஒன்று சொல்லுங்கள்: நாளைக்கு ஊரில் முதற் பூசை எத்தனை மணிக்கு?

ஏன் விரல்விட்டு எண்ணுகிறீர்கள்?