மேற்கைப் பார்க்காத சஜ்தா

பக்தி எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம். எனக்கு அது வலது இடுப்பிலிருந்து வந்தது.

பழநியில் பிறந்த நான் கல்யாணமாகிக் கோடைக்கானல் பஜாருக்கு வந்தது, வெள்ளைக்காரத் துரைமார் சீசனுக்கு மலையேறிய காலத்தில். கீழே மளிகைக் கடை, மேலே வீடு. வந்த வருஷமே முழுகாமல் இருந்தேன். அதை ஒருவரிடமும் சொல்லவில்லை (வீட்டுக்காரரிடம்கூட). சொல்வதற்குள் வலி முந்திக்கொண்டது.

விசித்திரமான வலி அது. இடுப்பில் புறப்பட்டு, தொடையின் பின்பக்கமாக இறங்கி, குதிகாலில் போய் நிற்கும். படுக்கையில் புரண்டால் அடிவயிற்று எலும்பு பிளந்துவிடும்போல இருக்கும். பஜார் மேட்டில் ஏறும்போது சும்மா இருக்கும். இறங்கும்போது உயிர் போகும். ஏன் இப்படி என்று எனக்கு ஒரே ஆராய்ச்சி. ஒற்றைக்காலில் நின்று பார்த்தேன். பூண்டு மூட்டையில் சாய்ந்து பார்த்தேன். (இரண்டு நாள் என்மேல் ரசம் மணத்தது.)

பயமும் இருந்தது. என் ஓரகத்திக்குப் போன மழைக்காலத்தில் இடுப்பு வலி என்று ஆரம்பித்துத்தான் கரு கலைந்தது. வலி என்று வாயால் சொன்னால் எனக்கும் அப்படியே ஆகிவிடும். வாயை மூடிக்கொண்டால் பிள்ளை தங்கிவிடும் என்று உறுதியாக நம்பினேன். பத்தொன்பது வயதின் மருத்துவ ஞானம்.

ஒருநாள் சாயங்காலத் தொழுகையில் முழங்காலிட்டு நெற்றியைத் தரையில் வைத்தேன். அந்த சஜ்தாவில் வலி சட்டென்று விட்டுவிட்டது! எழுந்திருக்க மனசே வரவில்லை. அன்றிலிருந்து என் சஜ்தாக்கள் நீண்டன. பிறகு தொழுகை நேரம் இல்லாதபோதும் அடுப்படியில், மாடிப்படி ஓரத்தில் என்று இழுத்த இடத்தில் எல்லாம் விழுந்தேன். ஓரகத்தி அதைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தில் என்னை ஒரு மகானாக, அவுலியாவாக ஆக்கிவிட்டாள்.

கடைசியில் பாலசமுத்திரத்திலிருந்து ஓர் அம்மாள் தேடிக்கொண்டே வந்துவிட்டார். அப்போது நான் அடுப்படியில் நெற்றியைத் தரையில் வைத்துக் கிடந்தேன். என் மாமியாரிடம் பேசிய குரல் மட்டும் கேட்டது.

"வெள்ளனே பஸ் ஏறிட்டேங்க. எம்மகனுக்கு ஒரு எடமும் அமைய மாட்டேங்குது. உங்க மருமக துஆ கேட்டா வெரசா முடிஞ்சிரும்னாங்க."

எழலாம் என்றால் கால் மரத்துக் கிடந்தது. போய்விடுவார்கள் என்று அசையாமல் இருந்தேன். அவர்களோ மரியாதையாக அடுப்படி வாசலில் நின்றுகொண்டார்கள். அடுப்பில் பால் பொங்கியது.

"பால் பொங்கி வழியுது, புள்ள அசையுதா பாருங்க! அல்லா மேல நம்பிக்கை, ஈமான்னா இதுல்ல ஈமான்!"

என் மாமியார் வந்து பாலை இறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அந்த அம்மாளின் குரல், கொஞ்சம் தயங்கி:

"ஆமா, உங்க வீட்ல கிப்லா எந்தப் பக்கம்ங்க?"

தொழ வேண்டிய திசை எங்களுக்கு மேற்கு. என் தலை இருந்தது கிழக்கே, அடுப்பைப் பார்த்து. மேற்கே நீண்டிருந்தவை என் குதிகால்கள்.

பதறித் திரும்பினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. "அம்மா!" என்று அலறி உருளைக்கிழங்குக் குவியல்மேல் சாய்ந்தேன். கிழங்குகள் படிப்படியாக இறங்கிக் கடைக்குள் உருண்டன. கீழே ஏதோ பங்களா பட்லர் இங்கிலீஷில் திட்டினார்.

மாமியார் வந்தவரை முன்னறையில் உட்காரவைத்துவிட்டு வந்து கதவைச் சாத்தினார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"மாமி, புள்ள கலைஞ்சிருமா?"

"ரத்தம் கித்தம் பட்டுச்சா?"

"இல்ல மாமி. இடுப்பும் காலுந்தான்."

மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "மூத்தவன் வயித்துல இருக்கையில எனக்கும் இப்படித்தான் இழுத்துச்சு. நீ முழுகாம இருக்கது எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? ரெண்டு மாசமா ஒரு நேரத் தொழுக விடல நீ. மாசத்துல நாலு நாளு பாயைச் சுருட்டி வைக்காத பொம்பள உண்டா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. விலக்கு நாளில் பெண்கள் தொழமாட்டார்கள். விடாமல் தொழுது தொழுது, மறைக்க நினைத்ததை நானே வீட்டுக்கு அறிவித்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

"தெரிஞ்சுமா மாமி கேக்கல?"

மாமியார் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "வாயால கேட்டா போன தடவ உன் ஓரகத்திக்கு ஆன மாதிரி ஆயிருமோன்னு பயந்து கெடந்தேன்டி."

ஒரே கூரைக்குள் இரண்டு பைத்தியங்கள். கட்டிக்கொண்டு அழுதோம், பிறகு சிரித்தோம். அன்று இரவே வெந்நீர் ஒத்தடமும், முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணையும் கிடைத்தன. வலி முழுதாகப் போகவில்லை. பயம் போனது. மகள் நல்லபடியாகப் பிறந்தாள்.

பாலசமுத்திரத்து மகனுக்கும் அடுத்த மாதமே நிச்சயமானது. "தெசை என்னங்க தெசை, மனசுதான்" என்று அந்த அம்மாள் ஒரு தார் வாழைப்பழம் கொடுத்தனுப்பினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் சஜ்தாவில் சற்று அதிகம் தாமதித்தாலும், முடித்து எழுந்ததும் ஒரு கேள்வி காத்திருக்கும்: "எந்தக் காலு?"

பல வருஷம் கழித்து, கல்யாணமாகிப்போன அந்த மகளின் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்படியில் நெற்றியைத் தரையில் வைத்துக் கிடந்தாள். முகம் கிழக்கே இருந்தது. உள்ளே போய் ஒரு தலையணையை எடுத்து வந்தேன்.