மாமாவின் கிளிக்கு நான் போட்ட கட்டு

கிளிகளைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். உடுவிலில் எங்கள் வளவுப் பனைகளில் அவை கத்தும் சத்தத்தில்தான் விடியும். பச்சை உடம்பு, சிவந்த சொண்டு, ஆணென்றால் கழுத்தில் ஒரு வளையம். அதற்குமேல் ஒரு கிளியிடம் என்ன இருக்கப்போகிறது?

சுகந்தியை நான் காதலித்துக் கட்டியதில் அவளுடைய அப்பாவுக்குத் துளியும் விருப்பமில்லை. தாயில்லாத அவளுக்கு அவர் ஒருவர்தான். கல்யாணத்துக்கு வரவில்லை, வன்னியிலிருந்து வாட்ஸ்அப்பில் எடுத்தாலும் மகளோடு மட்டும் கதைப்பார். ஒரு வருடம் கழித்து, ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் தன் தகப்பனை நினைத்து முழுக வந்தவர், முதன்முதலாக எங்கள் வீட்டில் இறங்கினார். கையில் துணியால் மூடிய கூடு. காட்டில் மரம் விழுந்தபோது குஞ்சாக எடுத்து வளர்த்த கிளி. அதைத் தனியே விட்டுவிட்டு எங்கும் போகமாட்டாராம். கூட்டை விறாந்தையில் வைத்து, வெயில் ஏறியதும் துணியை எடுக்கும்படி எனக்குச் சொல்லச் சொல்லி மகளிடம் சொன்னார். (நான் பக்கத்தில்தான் நின்றேன்.) பிறகு அவளையும் கூட்டிக்கொண்டு கீரிமலைக்குப் போனார்.

வெயில் ஏறியதும் துணியை எடுத்தேன். கிளியின் இரண்டு தோள்களும் சிவப்பு. பக்கத்து வீட்டுப் பூனை மதிலில் இருந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது. இந்தக் கிளி செத்தால் சுகந்திக்கு இனித் தகப்பன் வீடு இல்லை என்ற ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

கிளியைத் துவாயால் பொத்திப் பிடித்து, சுடுதண்ணீரால் துடைத்தேன். சிவப்புப் போகவில்லை. இரத்தம் உறைந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். (பூனை இரண்டு பக்கமும் அளந்தா கடிக்கும் என்று கேட்கவேண்டிய மூளை அன்று லீவு.) மஞ்சளைக் குழைத்து அப்பி, என் புதுச் சாரத்தைக் கிழித்துக் கட்டும் போட்டேன். அதற்குள் கிளி என் பெருவிரலைப் பதம் பார்த்துவிட்டது. அன்று அந்த வீட்டில் உண்மையாக இரத்தம் வந்தது அங்கே மட்டும்தான்.

அவர்கள் திரும்பி வந்ததும் பூனை, காயம், உறைந்த இரத்தம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். கண்ணும் கலங்கிவிட்டது. மாமா கட்டை அவிழ்த்தார், மஞ்சளைத் துடைத்தார். பிறகு, கல்யாணத்துக்குப் பின் முதல்தடவையாக, என் முகத்தைப் பார்த்துக் கதைத்தார்.

"தம்பி, இது காயமில்லை. உங்கடை பனையிலை இருக்கிறது சின்னச் சாதி. இது பெரிய சாதி. இதுக்குத் தோளிலை சிவப்பு பிறவியிலையே இருக்கும்."

"அப்ப சாகாதோ, மாமா?"

"நீர் இனி வைத்தியம் பாக்காட்டிச் சாகாது."

சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். கிளியும் பிழைத்தது, மாமாவும் கதைத்துவிட்டார். நான் அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன்; அவ்வளவு நிம்மதி.

இப்போதும் கல்யாண வீடுகளில் என்னை இழுத்துக்கொண்டுபோய்ச் சொந்தக்காரருக்குக் காட்டுவார்: "இவர்தான் எங்கடை மருமோன். நல்லாயிருந்த கிளிக்குக் கட்டுப் போட்டவர்."

அந்த 'எங்கடை'க்காக மிச்சத்தை நான் பொறுத்துக்கொள்கிறேன். கதையும் வருடா வருடம் வளர்கிறது. கடைசியாக அவர் சொன்னபோது நான் கிளிக்குச் சேலைனும் ஏற்றியிருந்தேன். பக்கத்தில் நின்று ஓமென்று தலையாட்டினேன்.