நாற்பதும் எண்பதும் எண்பது

கூட்டிப் பெருக்கி வாழ நினைப்பவனுக்குக் கணக்கில் மட்டுமாவது தேர்ச்சி இருக்க வேண்டும். எனக்கு இல்லை. இருந்திருந்தால் எங்கள் அம்மாவின் முகம் இன்று ஒரே ஒரு குடும்பப் படத்தோடு நின்றிருக்காது.

கம்பத்தில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் எண்பது ஜிபி ஹார்ட் டிஸ்க் இருந்தது. முக்கால்வாசி நான் சேர்த்த சினிமாக்கள், மீதி குடும்பப் படங்கள். அம்மா இறந்து ஒரு வருடம் நெருங்கிக்கொண்டிருந்தது. காரியத்தன்று அவசரத்துக்கு வாக்காளர் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டிருந்தோம். அது அப்பாவுக்குப் பிடிக்கவே இல்லை.

"ஏலே, இது ஆரு? போலீசு தேடுற ஆளு மாதிரி இருக்கா. வருச நெனப்பு நாளுக்காச்சும் நல்ல படமாப் பாத்து எடுத்துக் குடு."

அன்றே கொடுத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். எனக்கோ டிஸ்க்கில் இடமில்லையே என்ற கவலை. தேனியில் மூடிய ஒரு பிரவுசிங் சென்டரில் நாற்பது ஜிபி டிஸ்க் ஒன்று இனாமாகக் கிடைத்தது. (தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நான் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.)

இரண்டையும் சேர்த்து ஒரே டிஸ்க் ஆக்கலாம், ஒவ்வொரு ஃபைலையும் துண்டு போட்டு மாற்றி மாற்றி இரண்டிலும் எழுதும், வேகம் பறக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். சேர்க்கும்போது இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் எல்லாவற்றையும் நண்பன் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒதுக்கிவைத்து, சேர்த்தபின் திரும்பக் கொண்டுவந்தேன். அவனுடைய இடத்தை அடைக்கக் கூடாதே என்று அங்கிருந்ததை என் கையாலேயே அழித்தேன். (என்ன ஒரு நாகரிகம்!)

சேர்த்துப் பார்த்தால், மொத்தம் எண்பது என்றது. நாற்பதும் எண்பதும் நூற்றிருபது அல்லவா? சின்னது எவ்வளவோ அவ்வளவைத்தான் பெரியதிலும் எடுத்துக்கொள்ளுமாம். முதலில் இருந்ததும் எண்பதுதான். வேகம் கூடிவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சில வாரங்களில் இனாம் டிஸ்க் 'டொக், டொக்' என்றது. பிறகு அதுவும் நின்றது.

இரண்டையும் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு தேனிக்கு பஸ் ஏறினேன். ரிப்பேர் கடைக்காரர் செத்ததை ஓரமாக வைத்துவிட்டு, உயிரோடு இருந்த டிஸ்க்கில் இருந்து முடிந்ததை எடுத்தார். சினிமா ஒன்றும் ஓடவில்லை. படங்களில் பல திறக்கவே இல்லை. திறந்தவற்றில் மேல்பாதி மட்டும் இருந்தது. கீழ்பாதித் துண்டு செத்த டிஸ்க்கோடு போயிருந்தது. அங்கே வெறும் சாம்பல் நிறம்.

அம்மா குள்ளம். எந்தப் படமானாலும் முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். பின்னால் நின்ற மாமாக்கள், பெரியப்பாக்கள், பந்திக்கு வந்து எட்டிப்பார்த்த யாரோ ஒருவர் எல்லோரும் பத்திரம். அம்மா இருந்த இடமெல்லாம் சாம்பல். ஒவ்வொன்றாகத் திறந்து மூடினேன்.

அக்காவுக்குப் போன் செய்தேன்.

"கடைக்காரக என்ன சொன்னாக?"

"நெட்டையா இருக்கவகள மட்டும் காப்பாத்திட்டாக."

"அம்மா?"

நான் அடுத்த படத்தைத் திறந்தேன். "வெளங்காதவனே" என்றாள். பிறகு அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது.

கடைசியாக ஒரு படம் திறந்தது. அக்கா வளைகாப்பன்று வீட்டு வாசலில் எல்லோரையும் நிற்க வைத்து எடுத்தது. மேல்தொட்டி நிறைந்து வழிய, மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து போட்டோவுக்கு நிற்கும் அப்பாவை, மொட்டைமாடியில் இருந்து விரல் நீட்டி அம்மா வைகிறாள். வாய் முழுக்கத் திறந்திருக்கிறது. அவளுக்குக் கீழே நாங்கள் அத்தனை பேரும் சாம்பல்.

அப்பா அடிப்பார் என்றுதான் நினைத்தேன். படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"என்னயத்தான் வையிறா" என்றார். "இதையே பெருசாப் போடு."

நினைவு நாளுக்கு வந்தவர்கள், மாலைக்குள் இருந்து திட்டும் அம்மாவைப் பார்த்து விழித்தார்கள். இன்றைக்கும் வீட்டில் யாராவது போட்டோ எடுக்கக் கிளம்பினால் அக்கா குரல் கொடுப்பாள்: "குட்டையா இருக்கவகல்லாம் ஸ்டூலு மேல ஏறுங்க, தம்பி டிஸ்க்கச் சேத்துருவான்!" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன், வேறென்ன செய்ய?

அப்பா அந்தப் படத்தை மோட்டார் சுவிட்சுக்கு மேலே ஆணியடித்து மாட்டினார். எங்கள் வீட்டுத் தொட்டி இப்போதெல்லாம் வழிவதே இல்லை. தினமும் சுவிட்சை அணைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார்.

"அமத்திட்டேன் புள்ள."