மருமகளுக்கு வந்த முக்காலி

மச்சானுக்கு வணக்கம்.

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கோடு போட்ட தாள்தான், ஆனால் எழுத்துகள் கோட்டுக்கு அடங்க மாட்டேன் என்கின்றன. சில மேலே தொங்குகின்றன, சில கீழே விழுந்து கிடக்கின்றன. இந்த வயதில் எனக்குப் படிப்பு ஏறுமா என்று சிரித்தீர்களே, ஏறிவிட்டது. இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் தங்கச்சியும் சுகமாக இருக்க வேண்டும், முக்கியமாக இதைப் படித்து முடிக்கும்வரை நீங்கள் கோபப்படாமல் இருக்க வேண்டும்.

ஜவுளிக்கடையில் சண்டை போட்டாயாமே, வேலையை விட்டுவிடு என்று உங்கள் மகளுக்கு, அதாவது என் மருமகளுக்கு, போன் போட்டீர்களாம். நடந்ததைக் கேளுங்கள். அந்தக் கடையில் வாங்க வருகிறவர்களுக்கு மெத்தை வைத்த நாற்காலி. விற்கிற பெண்களுக்கு ஒரு முக்காலிகூடக் கிடையாது. கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறங்கும்வரை நிற்க வேண்டும், வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்ற முடியாதபடி கால் வீங்கியிருக்கும். கூட்டமில்லாத ஒரு மதியம் துணிக்கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்த சூப்பர்வைசர், "உக்காரணும்னா வீட்லயே உக்காந்துக்கோ, நாளைக்கு வரவேணாம்" என்றாராம். உங்கள் மகள் எழுந்திருக்கவில்லை. "சும்மா நிக்கிறதுக்கா சம்பளம் தர்றீங்க? ஆள் வந்தா எந்திரிக்கிறேன்" என்றாளாம், அதுவும் குரலை உயர்த்தாமல். மறுநாள் வழக்கம்போல வேலைக்கும் போய்விட்டாள். மச்சான், நான் ஆயுசு முழுக்க மூட்டை தூக்கினவன். கொஞ்சம் உட்காரலாமா என்று யாரையும் கேட்டதில்லை. கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது.

வேலை போய்விடுமோ என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதற்கு அடுத்த நாள், முதியோர் வகுப்பில் என்னோடு படிக்கும் தையல்காரர், முடிதிருத்துகிறவர், ரிடையரான பஸ் டிரைவர் மூவரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய், துண்டு வேண்டும் என்று நாற்காலிகளில் சாய்ந்தோம். மருமகள் என்னைப் பார்த்ததும் போய்விடச் சொல்லிக் கண்ணாலேயே ஜாடை காட்டினாள். பயப்படுகிறாள் என்று நினைத்து நான் இன்னும் அழுத்தமாக உட்கார்ந்தேன். அவள் துண்டை விரித்ததும் டிரைவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாந்து பாத்துப் பாத்து சுளுக்கிக்கிச்சு, அந்தப் பொண்ணையும் உக்காரச் சொல்லுங்கப்பா" என்றார். உடனே தையல்காரருக்கும் சுளுக்கு, எனக்கும் சுளுக்கு. முடிதிருத்துகிறவருக்கு அடுத்தவர் கழுத்தைத் திருப்புவதே தொழில். அங்கேயே எங்களுக்கு வைத்தியம் ஆரம்பித்துவிட்டார். கடையே வேடிக்கை பார்த்தது. முதலாளி வந்தார், எங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார், உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். வந்தன முக்காலிகள், ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒன்று! மருமகள் நீதிபதி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். எழுந்து கைதட்டத் தோன்றியது, சுளுக்கு ஞாபகம் வந்து அடங்கினேன்.

அதனால் வேலையை விடு என்று இனிமேல் அவளிடம் சொல்லாதீர்கள். இப்படி ஒரு பெண்ணைப் பெற்றதற்கு நீங்களும் தங்கச்சியும் நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தேவையில்லாத துண்டுகளோடு உங்கள் மச்சான்

பின்குறிப்பு: மருமகள் இதைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். நாங்கள் போனதற்கு முந்தின நாளே கடைப் பெண்கள் எல்லோரும் ஒன்றாகப் போய் முதலாளியிடம் பேசி, இவளை நிறுத்தக் கூடாது, எல்லோருக்கும் முக்காலி வேண்டும் என்று ஒத்துக்கொள்ள வைத்துவிட்டார்களாம். நாங்கள் சுளுக்கிக்கொண்டிருந்தபோது பின்வாசலில் முக்காலிகள் இறங்கிக்கொண்டிருந்தனவாம். "நீங்க அடிச்ச கூத்துல முதலாளி மனசு மாறிடுமோன்னுதான் பயந்தேன் மாமா" என்கிறாள். ஆகவே மேலே எழுதியதில் என் பங்கை மட்டும் அடித்துவிடுங்கள், அவள் பங்கு அப்படியே இருக்கட்டும். விரல் வலி தீர்ந்ததும் அடுத்த வாரம் மறுபடி எழுத உட்காருவேன். துண்டு ஒன்றும் சேர்த்து அனுப்புகிறேன்.