சாக்லேட்டைக் காப்பாற்றிய வெள்ளிக்கிழமை

துபாயில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவனுக்கு வெயிலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். காரில் எதை விட்டுவிட்டுப் போகலாம், எதை விடக் கூடாது என்று ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் நான்தான் சொல்லிக்கொடுப்பேன். அதே வாயால்தான் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கராமாவில் எங்களுக்கு மேல் மாடியில் லில்லி ஆன்ட்டி இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பியானோ டீச்சர். என் மகள் ஹனா அவரிடம்தான் வாசிக்கக் கற்றாள். ஆன்ட்டியின் கணவர் அன்ரன், ஹோட்டல் பேண்டில் டபுள் பேஸ் வாசித்தவர் (ஆள் உயரத்துக்கு நிற்கும் வயலின் என்று வைத்துக்கொள்ளுங்கள்). நாங்கள் குடிவருவதற்கு முன்பே இறந்துவிட்டார். இளவயதில் அவரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து, கிறிஸ்துமஸுக்கு டிவியில் வந்த ஒரு கார்ட்டூன் படத்துக்கு ஜாஸ் வாசித்திருக்கிறார்கள். பனியைப் பார்க்க ஆசைப்பட்டுக் கிளம்பும் ஒட்டகக்குட்டியின் கதை. படம் இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை. அந்த இசையை வெளியிட்ட இசைத்தட்டில் ஒன்று மட்டும் ஆன்ட்டியிடம் இருந்தது. அட்டையில் சிவப்புக் குல்லா போட்ட ஒட்டகக்குட்டி.

டிசம்பர் வந்தால் பில்டிங் பிள்ளைகளைக் கூப்பிட்டு, கேக் கொடுத்து, அதைப் போடுவார். அதில் பாட ஆள் கிடையாது. பியானோவும் பேஸும் டிரம்ஸும் கராமாவில் பார்க்கிங் தேடுகிறவர்களைப் போல ஆளுக்கொரு பக்கம் போய், எப்படியோ கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்துவிடும். எனக்கு ஒன்றும் புரியாது. கேக்குக்காகத் தலையாட்டுவேன்.

ஒரு செப்டம்பரில் ஆன்ட்டியின் ரெக்கார்ட் பிளேயர் நின்றுபோனது. புது வருடம் பிறந்ததும் அவர் கனடாவில் இருக்கும் மகனிடம் ஒரேயடியாகப் போவதாக ஏற்பாடு. அதற்குள் பாட்டையெல்லாம் போனில் ஏற்றிக்கொள்ள ஆசைப்பட்டார். கேட்பதற்கு முன்பே "என்கிட்ட குடுங்க" என்று கை நீட்டும் வியாதி எனக்கு உண்டு. தேராவில் என் நண்பன் தாவூதின் எலக்ட்ரானிக்ஸ் கடையில் அதற்கான பிளேயர் இருந்தது. கை நீட்டிவிட்டேன்.

"கவனமாக் கொண்டு போங்கோ தம்பி," என்றார் ஆன்ட்டி. "அன்ரன்ர குரலைக்கூட நாங்கள் பதிஞ்சு வைக்கேல்லை. சத்தமெண்டு மிஞ்சினது இது ஒண்டுதான்."

"கைக்குழந்தை மாதிரி பாத்துக்கிறேன் ஆன்ட்டி," என்றேன்.

வெள்ளிக்கிழமை கிளம்பினேன். இசைத்தட்டைப் பின் சீட்டில் நிமிர்த்தி வைத்து, சீட் பெல்ட்டும் போட்டேன். அடுத்த வாரம் ஊருக்கு லீவில் போவதால், வழியில் ஒரு பை நிறைய சாக்லேட் வாங்கினேன். தேரா போய்ச் சேர்ந்தபோது ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டது. நிழலில் இடம் கிடைக்காமல் காரை வெட்டவெளியில் நிறுத்தினேன்.

இறங்கும்போது நன்றாக யோசித்தேன். லீவில் வந்தவன் உருகி உறைந்த சாக்லேட்டைக் கொடுத்தால் சொந்தக்காரர்கள் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். ஆகவே பையை எடுத்துக்கொண்டேன். பள்ளிவாசலில் ஏசி காற்று படும் மூலையாகப் பார்த்து அதை வைத்தேன். தொழுகை முடிந்து தாவூதோடு பிரியாணிக்குப் போனபோது, அங்கேயும் அதற்குத் தனி நாற்காலி.

"தட்டு எங்கடா?" என்றான் தாவூத்.

"கார்ல இருக்கு. பெல்ட் போட்டிருக்கேன்."

பிரியாணியைப் பிசைந்துகொண்டிருந்த அவன் கை நின்றது. "வெயில்ல நிக்கிற அந்தக் கார்லயா?"

ஓடினோம். ஓடும்போதும் சாக்லேட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டேன்.

அட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒட்டகக்குட்டி சிரித்துக்கொண்டுதான் இருந்தது. உள்ளே இருந்த தட்டு மட்டும் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது.

வீட்டில் என் மனைவி சஃபியா தட்டைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். "சாக்லேட் பத்திரமா இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். தட்டை அரிசி மூட்டைக்கு அடியில் வைத்துப் பார்த்தோம். கொஞ்சம் படிந்தது. மிச்சத்தை இஸ்திரி போட்டு நிமிர்த்தலாம் என்றேன். ஹனா இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஒளித்து வைத்தாள். "வாப்பா, ப்ளீஸ், டோன்ட் ஹெல்ப்," என்றாள்.

மறுநாள் தாவூத் பிளேயரோடு வந்தான். ஒரு கையில் தட்டோடும் மறு கையில் சாக்லேட் பையோடும் மாடி ஏறினேன். (வெறுங்கையோடு போகக் கூடாது என்று தோன்றியிருக்க வேண்டும்.) நடந்ததைச் சொன்னேன். ஆன்ட்டி தட்டின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"போட்டுப் பாப்பம்," என்றார்.

முதல் பாட்டில் ஊசி நிற்கவே இல்லை, துள்ளித் துள்ளி வெளியே விழுந்தது. அடுத்தடுத்த பாட்டுகளும் அப்படியே. அவை போனது போனதுதான். அந்த நிமிடம் செத்துப்போகலாம் போலிருந்தது. நடுப்பக்கமாக இருந்த கடைசிப் பாட்டில் ஊசி நின்றது. அதில்தான் அன்ரன் அங்கிள் தனியாக வாசிப்பார். பேஸ் சத்தம் மேலே எழும்பியும் தணிந்தும், தள்ளாடித் தள்ளாடி வந்தது. ஆன்ட்டி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சாவு வீட்டில் நிற்பதுபோல நின்றேன்.

"அன்ரன் ஒரு நாளும் நேராத் தாளம் பிடிச்சதில்லை தம்பி," என்றார் கண்ணைத் திறக்காமல். "ஸ்டூடியோவில திருப்பித் திருப்பி வாசிக்க வைச்சுத்தான் இதை எடுத்தவை. வீட்டில எண்டால் இப்பிடித்தான் இழுத்துக்கொண்டு போவார். இப்பத்தான் வீட்டில வாசிக்கிற மாதிரிக் கிடக்கு."

சிரித்தார். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் சொன்னது உண்மையா, என் மேல் இரக்கப்பட்டுச் சொன்னதா என்று கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.

மிஞ்சிய அந்த ஒரு பாட்டைத் தாவூத் போனில் ஏற்றிக்கொடுத்தான். ஹனா அதைக் கேட்டுத்தான் பியானோவில் பழகினாள். ஸ்கூலில் டிசம்பர் நிகழ்ச்சிக்கு ஒத்திகை பார்த்தபோது, நடுவில் தாளம் தள்ளாடுகிறது என்று மியூசிக் டீச்சர் திருத்தினார். "அங்கிள் அப்படித்தான் வாசிப்பார்," என்று இவள் மாற்ற மறுத்துவிட்டாள்.

இப்போதும் யாரிடமாவது நான் "என்கிட்ட குடுங்க" என்று ஆரம்பித்தால், சஃபியா, "முதல்ல சாக்லேட்டை எடுத்து வைங்க," என்பாள். லீவுக்குச் சாமான் கட்டும்போதெல்லாம் இந்தக் கதை ஒரு முறை ஓடி முடிந்தால்தான் பெட்டி மூடும்.

ஆன்ட்டி டிசம்பர்தோறும் கனடாவிலிருந்து குரல் பதிவு அனுப்புகிறார். பின்னால் அந்தப் பேஸ் தள்ளாடிக்கொண்டிருக்கும். "இஞ்ச பனி கொட்டுது தம்பி. அன்ரனும் நானும் யன்னலுக்குப் பக்கத்தில இருந்து பாத்துக்கொண்டிருக்கிறம்," என்பார். கடைசியாக, ஒவ்வொரு வருடமும் மறக்காமல் கேட்பார்.

"சாக்லேட் சுகமா இருக்கோ?"